வாளிக்குள் முப்பத்தொரு பேர்

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு என் நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "காலை 8.12. கைத்தொலைபேசிகள் முப்பத்தொன்றும் வாளிக்குள் போயின. வாளி: வெள்ளைப் பெயின்ற் வந்த இருபது லீற்றர் வாளி, கழுவியது. அடியில் இரண்டு சுண்டு அரிசி, ஈரம் இழுக்க. மூடி உண்டு. காற்று தென்மேற்கு, நடுத்தரம். ஆராய்ச்சி மிஸ்ஸுக்கு அறிவிக்கப்படவில்லை. அவர் கேட்கவுமில்லை."

கடைசி இரண்டு வசனங்களை எழுதும்போது எனக்கு மனம் உறுத்தவில்லை. உறுத்தியிருந்தால் அதையும் எழுதியிருப்பேன்.

புத்தளம் களப்போரத்து உப்பளம் ஒன்றின் அலுவலகத்தில் நான் இலிகிதர். பாத்திகளில் நிற்கும் தண்ணீரின் அடர்த்தி, காற்றின் திசை, எந்தப் பாத்தியில் யார் வேலை என்பவற்றைக் காலை ஏழுக்கும் பகல் இரண்டுக்கும் பதிவது என் கடமை. அலுவலகப் பதிவேடு போக, சொந்தமாக ஒரு நாட்குறிப்பும் இருபத்திரண்டு வயதிலிருந்து வைத்திருக்கிறேன். "ஒங்களுக்கு மௌத்து வந்தாலும் நேரத்த எழுதி வெச்சிட்டுத்தான் போவீங்க" என்று மனைவி சொல்வதுண்டு. முடிந்தால், சாகும்போதும் அப்படித்தான் செய்வேன்.

ஆராய்ச்சி மிஸ் பல்கலைக்கழகமொன்றில் விரிவுரையாளர். வயது நாற்பத்துமூன்று. கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்து பத்து வருடம் ஆகியும் முடிக்கவில்லை. இடையில் இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியாரின் நோய். இரண்டு தடவை காலநீடிப்பு வாங்கிவிட்டார். வந்த முதல் நாளே என் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் அமர்ந்து இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார்.

"இந்த வருசக் கடைசிக்குள்ள முடிக்காட்டிப் பதிவ வெட்டிப்போடுவாங்க சேர். பத்து வருசமும் தண்ணியில போயிரும்."

"இங்க தண்ணியில போறதெல்லாம் உப்பாத் திரும்பி வரும் மிஸ்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் பதிவேட்டைத் திறந்தேன்.

ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை மற்றவருக்கு எப்படிக் கொடுக்கிறார்கள், அதற்குச் சூழலை உணரும் கணினி எப்படி உதவலாம் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கைத்தொலைபேசியில் போடும் ஒரு செயலியை அவரே செய்திருந்தார். ஆள் எங்கே நிற்கிறார், யாரோடு நிற்கிறார், அசைகிறாரா, பக்கத்தில் பேச்சுச் சத்தம் கேட்கிறதா, வானிலை என்ன என்பதையெல்லாம் அது தானாகவே அறியும். பேச்சில் வரும் சொற்களைப் பதியாது. சத்தம் உண்டா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தேவை. மூன்று நாள் தொடர்ந்து காற்றடித்தால் ஆறாம் பாத்தியின் வடக்கு வரம்பு கசியும் என்று எங்கள் கங்காணிக்குத் தெரியும். அதை அவர் ஒரு தடவை தொலைபேசியிடம் சொல்லி வைத்தால் போதும். இன்னொரு நாள், அதே மாதிரிக் காற்றில், வேறு யாராவது ஆறாம் பாத்திக்குப் பக்கத்தில் போனால் கங்காணியின் குரல் அவருக்குக் கேட்கும்.

"மற்றது, இது மரியாதை தெரிஞ்ச செயலி" என்றார் மிஸ் பெருமையோடு. "ஆக்கள் கூட்டத்தில இருந்தாக் குறுக்க வராது. கூட்டம் முடியுமட்டும் பொறுத்திருந்துதான் சொல்லும்."

கங்காணிக்குச் செயலி மிகவும் பிடித்துப்போயிற்று. தன் குரலைத் தானே ஆறு தடவை கேட்டார். முதல் ஐந்து நாள் எல்லோரும் சொன்னபடியே தொலைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கினார்கள். அந்த ஐந்து நாளில் இரண்டு தொலைபேசிகள் உப்புத்தண்ணீரில் விழுந்து போயின. மிச்சம் முப்பத்தொன்று. பாத்தியில் இறங்குமுன் தொலைபேசிகளைத் தேத்தண்ணிக் கொட்டிலில் விட்டுவிட்டுப் போவதுதான் இங்கே எப்போதும் உள்ள வழக்கம். ஆறாம் நாள், அந்தச் செவ்வாய்க்கிழமை, வழக்கம் திரும்பி வந்தது.

மிஸ் வியாழக்கிழமைகளில் மட்டும் வருவார். மற்ற நாட்களில் கொழும்பில் விரிவுரை. வியாழக்கிழமை காலையில் எங்கள் ஆட்கள் வாளியைத் திறக்கமாட்டார்கள்; சோறு சுற்றி வந்த பொலித்தீன் தாளைக் கழுவி, தொலைபேசியை அதில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, ஏதோ பீங்கான் சாமான் சுமப்பவர்கள் மாதிரி நடப்பார்கள். மறுநாள் காலையில் திரும்பவும் எல்லாம் வாளிக்குள்.

"இதென்ன வேல?" என்று கங்காணியிடம் கேட்டேன். என்னை அவர் 'நானா', அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

"அவ கஷ்டப்பட்டுச் செஞ்சு கொண்டந்திரிக்கா நானா. வந்த ஆள் ஆக்கிக் கொண்டந்த கறிய அவவுக்கு முன்னுக்கே உப்புக் காணாதெண்டு சொல்லுவமா?"

"சொல்லமாட்டம்."

"அப்ப நீங்களும் பேசாம இரிங்க."

இருந்தேன்.

ஐந்தாவது வியாழன் மிஸ் மடிக்கணினியோடு என் மேசைக்கு ஓடி வந்தார். திரையில் எங்கள் உப்பளத்தின் வரைபடம். அதன் நடுவில் தோடம்பழம் அளவில் ஒரு செம்மஞ்சள் வட்டம்.

"பாருங்க சேர்! ஒவ்வொரு நாளும் எட்டேகாலுக்குத் தொடங்கி மூண்டரை வரைக்கும் முப்பத்தொரு பேரும் ஒரே இடத்தில. தோளோட தோள். விடாமப் பேச்சுச் சத்தம். இப்பிடி ஒரு குழுவ நான் வாசிச்ச ஒரு கட்டுரையிலயும் காணயில்ல."

வட்டம் தேத்தண்ணிக் கொட்டிலின் மேல் இருந்தது. செயலி அதற்குப் பக்கத்தில் எழுதியிருந்தது: "கூட்டம் நடைபெறுகிறது. குறுக்கிடவில்லை."

முப்பத்தொரு பேரும் கூட்டத்தில் இருந்தால் உப்பை யார் அள்ளுவது என்று கேட்கலாம். மிஸ் அதற்கும் ஒரு விடை வைத்திருந்தார். கொட்டிலைச் சுற்றியுள்ள பாத்திகளில் எல்லோரும் ஒன்றாக நின்று, கதைத்துக் கதைத்து வேலை செய்கிறார்களாம்; இடத்தைக் காட்டுவதில் தொலைபேசி கொஞ்சம் பிசகுமாம். அதோடு அவரிடம் எழுத்துச் சாட்சியும் இருந்தது. மூன்றரை மணிக்குத் தொலைபேசிகளை வாளியிலிருந்து எடுத்ததும் செயலி ஒவ்வொருவரிடமும், "கூட்டம் முடிந்ததா? எடுத்த முடிவை ஒரு வரியில் சொல்லுங்கள்" என்று கேட்கும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போவது எங்கள் ஆட்களின் பழக்கமில்லை. மிஸ் வாசித்துக் காட்டினார்: "முடிவு: நாளைக்கும் வருவம்." "முடிவு: தேத்தண்ணிக்குச் சீனி காணாது." "முடிவு: அல்ஹம்துலில்லாஹ்." "முடிவு: சீனி காணாது எண்டு நேத்தும் சொன்ன."

"சீனியைப் பற்றி மட்டும் பதினாலு பேர், தனித்தனியா, ஒரே கருத்து!" என்றார். பிறகு அவர் முகம் சுருங்கிற்று. "ஒரு விசயம்தான் மனசுக்குக் கஷ்டம் சேர். நான் வாற வியாழனில மட்டும் கூட்டம் இல்ல. ஆளாளுக்குப் பிரிஞ்சு போய் நிக்கிறாங்க. என்ன நம்பயில்லப் போல."

அன்றைய குறிப்பு: "மாலை 4.05. மிஸ் கவலைப்பட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் ஒன்றும் இல்லை."

வாரங்கள் போயின. வெளியாருக்கு முன்னால் மூடிக்கொள்ளும் குழுவைப் பற்றி மிஸ் ஓர் அத்தியாயமே எழுதி முடித்தார். ஒரு வியாழன் மத்தியானம், வருகிற திங்கட்கிழமை அதைத் தன் பேராசிரியருக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். நான் சோற்றுப் பார்சலை மூடி வைத்தேன். எழுந்து கங்காணியிடம் போனேன்.

"சொல்லத்தான் வேணும்."

"சொன்னா அழுவா நானா."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி டொக்டர் ஆவா."

"வாளிக்கு டொக்டர்."

கங்காணி தலையைச் சொறிந்தார். "பெயின்ற் கொம்பனிக்காரன் சந்தோசப்படுவான்" என்றார்.

நான் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு போய் மிஸ்ஸுக்கு முன்னால் திறந்து வைத்தேன். அவர் அந்தச் செவ்வாய்க்கிழமையை வாசித்தார். அரிசியின் அளவையும் வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை வாசித்தார்.

"நாலு மாசமா" என்றார் மெதுவாக, "நான் ஒரு வாளிய ஆராய்ச்சி செஞ்சிருக்கிறன்."

"மூன்று மாசமும் பதினொரு நாளும்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

அவர் அழவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். நீங்கள் கேட்கவில்லை என்ற பதிலை நான் மூன்று மாதமாகத் தயாராக வைத்திருந்தேன். அந்த நேரத்தில் அதை வாயால் சொல்ல முடியவில்லை. "பிழை என்னுடையது" என்றேன். அவர் மடிக்கணினியை மூடினார். ஒரு நிமிடம் கழித்துத் திரும்பத் திறந்தார்.

"பேச்சுச் சத்தம்?" என்றார். "வாளிக்குள்ள அரிசிதானே இருக்கு. அப்ப நாள் முழுக்கக் கதைக்கிறது ஆர்?"

சனிக்கிழமை காலை, யாருக்கும் அறிவிக்காமல் அவரைக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனேன்.

கொட்டிலில் தேத்தண்ணி போடுபவரை எல்லோரும் ராத்தா, அதாவது அக்கா, என்போம். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்களில் ஒருவர்; வீடு தில்லையடியில். இந்தக் கொட்டிலுக்கு வந்து பத்தொன்பது வருடம். நாங்கள் போனபோது அவர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். வாளிக்குள் ஒரு தவளை கத்தியது. ராத்தா திரும்பிப் பார்க்காமலே மூடியைத் தள்ளி, முப்பத்தொன்றில் சரியான ஒன்றை எடுத்து, ஈரக் கையால் சத்தத்தை வெளியே விட்டு மேசையில் வைத்தார்.

"சொல்லுங்க மகள்."

"ராத்தா, அவர்ட்ட ஒருக்காச் சொல்லுங்க, அவர்ட மாமி வந்து இறங்கியிருக்கா. ஒரு கிழமைக்கு நிப்பாவாம்."

"சரி. சாப்பாட்டுக்குப் பிறகு சொல்றன்."

"இப்பச் சொல்லுங்களேன்?"

"இப்ப அவன்ட கையில மம்பெட்டி இரிக்கு. இந்தச் செய்தியக் கேட்டா யார்ட காலிலயாவது போடுவான். வை."

அடுத்ததாக வாளிக்குள் ஒரு சேவல் கூவியது. லொறிச் சாரதி, பதினொரு மணிக்கு வருகிறார். ராத்தா கொட்டில் வாசலுக்குப் போய், தூரத்தில் நின்ற ஒருவரைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அவர் மட்டும் நிமிர்ந்து கையசைத்தார். அதன் பிறகு பாடசாலையிலிருந்து ஓர் அழைப்பு, பிள்ளைக்குக் காய்ச்சல். ராத்தா செருப்பைக்கூடப் போடாமல் வரம்பில் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வந்து மூச்சு வாங்க முன்னர் களப்புக்கு அக்கரையில் உள்ள மாம்புரியிலிருந்து அவருடைய மச்சான் எடுத்தார். "இங்க ஊத்துது" என்று இரண்டே சொல். ராத்தா கேத்தல் மூடியையும் அகப்பையையும் எடுத்து வாசலில் நின்று அடித்தார். எல்லோரும் பாத்திகளை விட்டு ஓடி, குவித்திருந்த உப்பின் மேல் தென்னோலைக் கிடுகுகளை இழுத்துப் போட்டார்கள். கடைசிக் கிடுகு விழுந்து ஏழு நிமிடத்தில் மழை களப்பைக் கடந்து வந்தது.

மிஸ் வாளியிலிருந்து ஒரு தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். அவருடைய செயலி திரையில் எழுதி வைத்திருந்தது: "பலத்த மழைக்கு வாய்ப்பு. கூட்டம் முடிந்ததும் அறிவிக்கப்படும்."

"மரியாதை தெரிஞ்சதுதான்" என்றார் மிஸ். பிறகு சிரித்தார். வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ராத்தா என்னைப் பார்த்து, "சுகமில்லையா?" என்று கண்ணால் கேட்டார்.

அடங்கியதும் மிஸ் கேட்டார்: "ராத்தா, எத உடனே சொல்ற, எதப் பிறகு சொல்ற எண்டு எப்பிடித் தெரியும்?"

"ஆளப் பார்ப்பன். இடுப்பில கைய வெச்சிக்கொண்டு நிண்டாப் பசி. அந்த நேரம் நல்ல செய்தியும் கெட்டதாத்தான் விழும். குனிஞ்சபடியே இரிக்கிறாண்டா வீட்டில சண்ட; அவனுக்கு முதல்ல தேத்தண்ணி, பிறகுதான் செய்தி. மழைக்கு மட்டும் ஆளப் பார்க்கிறல்ல."

"நான் இத எழுதலாமா?"

ராத்தாவின் கை கோப்பையில் நின்றது. "வேணாம் மிஸ்."

"உங்கட பேர் போடமாட்டன்."

"என்ட பேருக்கு என்ன? இந்த வாளியில கிடக்கிறது முப்பத்தொரு குடும்பம். ஆர்ட மாமி வந்தா, ஆர்ட மகன் படிக்கிறானில்ல, எல்லாம் இதுக்குள்ள. ஒரு கதை வெளியில போச்செண்டா நாளைக்கு ஒருத்தரும் போன இதுக்குள்ள போடமாட்டாங்க. பிறகு ஆர்ட்ட நான் என்னத்தச் சொல்ற?"

 திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. கையில் இருந்த அத்தியாயம் போய்விட்டது. புதிய அத்தியாயம் கண்ணுக்கு முன்னால் கோப்பை கழுவிக்கொண்டு முடியாது என்கிறது. மிஸ் வற்புறுத்தவில்லை. பெட்டியிலிருந்து எழுந்து, "சரி ராத்தா" என்றார்.

அந்தச் "சரி"தான் ராத்தாவின் மனதை மாற்றியிருக்க வேண்டும். நாங்கள் வாசலைத் தாண்டுமுன் கூப்பிட்டார்.

"என்ன சொன்னாங்க எண்டு எழுதக் கூடா. எப்ப வந்தது, எப்பச் சொன்ன, எப்பிடிச் சொன்ன, அத எழுதலாம். ஆனா நீங்க எழுதக் கூடா மிஸ், நீங்க ஏன் எதுக்கெண்டு கேப்பீங்க. தம்பி எழுதட்டும்." ஐம்பத்திரண்டு வயதான தம்பி நான்தான். "தம்பி காத்த எழுதுற ஆள். எங்கிருந்து அடிச்சதெண்டு எழுதுவாரு, ஏன் அடிச்சதெண்டு கேக்கமாட்டாரு."

என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை மிஸ் பேராசிரியருக்கு அத்தியாயத்துக்குப் பதிலாக ஒரு கடிதம் அனுப்பினார். வாளியைப் பற்றி ஒளிக்காமல் எழுதி, மூன்று வாரம் கேட்டு வாங்கினார். அந்த மூன்று வாரமும் காலை வேலை முடிந்ததும் நான் கொட்டிலில் ஒரு மூலையில் கதிரை போட்டுக்கொண்டேன். பெயர் இல்லை, விடயம் இல்லை. அழைப்பு வந்த நேரம், சொன்ன நேரம், சொன்ன விதம்: நடந்து போய், கையைக் காட்டி, மூடியை அடித்து, தேத்தண்ணியோடு. சில அழைப்புகளுக்கு "சொல்லவே இல்லை" என்றும் எழுதினேன். அவை ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மிஸ் விடுப்பு எடுத்துக்கொண்டு புத்தளத்திலேயே தங்கி, அந்தத் தாள்களையும் தன் செயலி அதே நேரங்களில் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புதிய அத்தியாயத்தை எழுதி அனுப்பினார்.

ஒன்பது நாள் பதில் இல்லை. மிஸ் மெலிந்துபோனார். ஆட்களுக்கும் விடயம் தெரிந்திருந்தது. கங்காணி காலையில் பாத்தியைப் பார்க்க முன்னர் அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். "இன்னும் இல்லையா?" "இல்ல." "அந்தச் சேருக்குச் சீனி காணாதாக்கும்."

பத்தாம் நாள், கொட்டில் வாசலில் நிற்கும் ராத்தா பாத்திக்குள் நிற்பவருக்கு எப்படித் தெரிகிறார் என்று பார்க்க வேண்டும் என்று மிஸ் வெறுங்காலோடு நாலாம் பாத்திக்குப் போனார். போகுமுன் தன் தொலைபேசியை வாளிக்குள் வைத்தார். முப்பத்திரண்டு.

11.06. அவருடையது மணி அடித்தது. ராத்தா எடுத்து மேசையில் வைத்தார்.

"ஹலோ? யார் கதைக்கிறது?" கனத்த, வயதான குரல். பேராசிரியர்.

"இது தேத்தண்ணிக் கொட்டில். மிஸ் பாத்தியில நிக்கிறா. என்ன விசயம் சேர்?"

"அவருடைய அத்தியாயம் சம்பந்தமாக..."

"நல்லமா கெட்டமா?"

பேராசிரியர் சிரித்தார். "பாதிப் பாதி என்று சொல்லுங்கள். முதல் இரண்டு அத்தியாயங்களும் இதற்குப் பொருந்தாது, திரும்ப எழுத வேண்டும். ஆனால் இதைப் பார்த்துவிட்டுக் குழு இன்னும் ஆறு மாதம் கொடுத்திருக்கிறது. பதிவை வெட்டமாட்டார்கள்." சற்று நிறுத்தினார். "நீங்கள்தானா அந்தத் தேத்தண்ணி போடுபவர்?"

"ஓம்."

திரும்பவும் சிரித்தார். "எப்போது சொல்லப்போகிறீர்கள்?"

"இப்ப ஏலா சேர். வரம்பில வழுக்கிக்கொண்டு நிக்கிறா. கால ஊண்டட்டும்."

நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். என் வாழ்க்கையில் எழுத வேண்டியதை எழுதாமல் எழுந்தது அன்றுதான். "இரிங்க தம்பி" என்றார் ராத்தா. இருந்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணி ஊற்றினார், சீனி போட்டார், அன்று ஒரு கரண்டி கூடவே போட்டார், கோப்பையை எடுத்துக்கொண்டு வரம்பில் இறங்கினார். நான் தாள்களோடு பின்னால் போனேன். மிஸ் எங்கள் இருவரையும் பார்த்ததும் நிமிர்ந்து, இடுப்பில் கையை வைத்து, உடனே எடுத்துவிட்டார்.

ராத்தா கோப்பையை அவர் கையில் கொடுத்து ஒரு வாய் குடிக்கும்வரை பார்த்திருந்தார். 11.19.

"ஒங்கட சேர் எடுத்தாரு. ஆறு மாசம் குடுத்திட்டாங்களாம், வெட்டமாட்டாங்களாம். முன்னுக்கு உள்ள ரெண்டையும் திருப்பி எழுதட்டாம். கோவத்தில சொல்லல்ல. சிரிச்சிச் சிரிச்சித்தான் சொன்னாரு."

மிஸ் கோப்பையை வரம்பில் வைத்தார்.  "சிரிச்சாரா?" என்றார். "அவரா? எத்தின தரம்?"

"ரெண்டு தரம்."

மிஸ் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கொள்ளுங்க சேர்."

எழுதிக்கொண்டேன். என் கணக்கில் மூன்று. ஆனால், கால் ஊன்றட்டும் என்று ராத்தா சொன்னபோது கேட்ட மூன்றாவது, இருமலாகவும் இருக்கலாம் என்பதால் நான் திருத்தவில்லை.